கவுந்த போட்டும் கரைக்கு வந்த போட்டும்

ரூஹிக்கு வாய் நீளம் என்பது எங்கள் டியூஷன் சென்டரில் எல்லாருக்கும் தெரியும். நான் அங்கே இயற்பியல் எடுக்கிறேன், அவள் கணக்கு. திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகளுக்கு டயர் மாற்றும் சௌக்கத் அலியின் மகள். எம்.எஸ்ஸி. படித்தபோது அவள் 'இன்னா', 'கீது' என்று பேசியதைக் கேட்டு வகுப்பே சிரித்ததாம். "சிரிச்சிகினே எங்கிட்டதான் நோட்ஸ் வாங்குனாங்கோ" என்பாள். பேச்சை மட்டும் அவள் மாற்றிக்கொள்ளவே இல்லை.

அந்தப் பேச்சுக்குத்தான் வேட்டு வைக்கப் பார்த்தார் சென்டர் முதலாளி மனோகரன். காரணமும் வசமாகக் கிடைத்தது. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வைத்த தேர்வில் sin⁻¹(½) எவ்வளவு என்ற கேள்விக்குப் பாதி வகுப்பு 2 என்று எழுதியிருந்தது. காசிமேட்டு அம்மு விடைக்குப் பக்கத்தில் 'உல்டா' என்று காரணமும் எழுதியிருந்தாள்.

உல்டா, ரூஹி சொல்லிக்கொடுத்த வார்த்தை. சைனைத் தலைகீழாக்கினால் வரும் கோசெக்குக்கும் அதையே சொன்னாள், sin⁻¹ என்று எழுதும் சைன் இன்வர்ஸுக்கும் அதையே சொன்னாள். எங்கள் பக்கம் தலைகீழாகப் போனாலும் உல்டா, வந்த வழியே திரும்பினாலும் உல்டா. மேலே -1 என்று கண்டதும் பிள்ளைகள் அரையைத் தலைகீழாக்கி இரண்டு என்று எழுதிவிட்டார்கள்.

"எல்லாம் இந்தக் கலீஜ் பாஷையால வந்த வினை. நாளைக்கு நான் பின்னாடி உக்காந்து பாப்பேன். புக்ல இருக்கிற தமிழ்ல நடத்துங்க மேடம். இல்லன்னா வேற எடம் பாத்துக்குங்க" என்றார் மனோகரன். அவரும் தண்டையார்பேட்டையில் பிறந்தவர்தான். அண்ணா நகருக்குக் குடிபோனதும் நாக்கைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரூஹி கோபப்படவில்லை. "தப்பு என்னுதுதான் நர்மதா. ரெண்டுக்கும் ஒரே வார்த்தைய போட்டேன். அதுக்கு பாஷை இன்னா பண்ணும்?" என்றாள்.

மறுநாள் பலகையில் sin 30° = ½ என்று எழுதினாள். மனோகரன் கடைசி பெஞ்சில் இருந்தார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"முப்பது டிகிரிய சைன் கைல குட்தா அரை குடுக்குது. அந்த அரைய கவுத்தா ரெண்டு. இதான் கோசெக். கோணம் அதே முப்பதுதான், விடைதான் கவுந்துகீது. சைன் இன்வர்ஸ் எதையும் கவுக்காது. அரைய வாங்கிகினு, இது எந்தக் கோணத்துலேர்ந்து வந்துச்சுன்னு கிளம்புன எடத்துக்கே திரும்பிப் போவும். முப்பது. அம்மு, கவுந்த போட்டும் கரைக்கு வந்த போட்டும் ஒண்ணாடி?"

அம்முவின் அப்பா போட்டில் கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னா மிஸ் இப்டி கேக்கறீங்கோ? போட்டு கரைக்கு வந்தாத்தான எங்க நைனா வூட்டுக்கு வருவாரு!"

"அப்போ ரெண்டுக்கும் உல்டான்னு ஒரே பேரு எப்டி வெக்கறது? நாந்தான் வெச்சேன். இனிமே கிடையாது."

கோசெக்குக்குக் கீழே 'கவுந்துச்சு' என்றும், sin⁻¹-க்குக் கீழே 'வந்துச்சு' என்றும் எழுதினாள்.

"'கவிழ்ந்தது'ன்னு எழுதுங்க மேடம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ரூஹி அழித்தாள். அதே இடத்தில் இன்னும் பெரிதாகக் 'கவுந்துச்சு' என்று எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"வேற எடம் பாக்கச் சொன்னீங்களே சார். பாத்தேன். இதான் என் எடம்."