செம்பேட்டில் ஆறிய காதுகள்

என் தங்கை லூர்துமேரி ஜெயித்ததை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் வருவதில் அவள் இழந்ததுதான் அதிகம்.

சின்ன வயதில் அவள் காதில் சீழ் வந்தது. வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள். வலது காது போயிற்று, ஆனால் ஆள் பிழைத்தாள். பக்கத்துப் பிள்ளைகள் நாற்றம் என்று சொன்னதால் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படியும் பூசைப் பாட்டுகளையெல்லாம் ஒற்றைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்து, மாதா கோயிலில் முன்வரிசையில் நின்று பாடினாள். நெடுந்தாங்கல் காலனியில் சைக்கிள் ஓட்டிய முதல் பெண் அவள்தான். காலனிக்காரர்கள் ஊர்த் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது வழக்கமாக இருந்தபோது, அவள் இறங்காமல் போனாள். கேட்டவர்களிடம், "நீங்க கூப்டது செவுட்டுப் பக்கம், கேக்கல" என்றாள். பத்தாவது படித்த பெண்கள் கேட்டு வந்த வேலைக்கு எழுதப் படிக்கத் தெரியாத அவளைப் பெண் டாக்டர் ஒருவர் எடுத்துக்கொண்டார். அவள் போகும் வீடுகளில் பெண்கள் எழுந்து நின்று, "வாங்க காதம்மா" என்று கூப்பிட்டார்கள். இதெல்லாம் அவளாகச் சம்பாதித்தது.

நான் அவளுக்கு ஐந்து வயது மூத்தவள். விழுப்புரத்தில் ஒரு தையல் கடையில் காஜா எடுத்து, பட்டன் தைத்துப் பிழைத்தவள். நான் கண்ணால் பார்த்ததையும் அவள் என்னிடம் சொன்னதையும் கலந்துவிடாமல் எழுதப் பார்க்கிறேன்.

வேலை என்னவென்று சொல்கிறேன். 1985 பொங்கல் கழித்து, டாக்டர் காந்திமதி என்பவர் சென்னையிலிருந்து வந்தார். காது மூக்கு தொண்டைப் படிப்பில் மேல்பட்டம் வாங்க, அவர் ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டியிருந்தது. நம் மாதிரி ஏழை நாடுகளில் பிள்ளைகளுக்குக் காது வடிவது ரொம்ப அதிகமாம். எல்லாருக்கும் மருந்தும் ஆபரேஷனும் கொடுக்க முடியாது. அதனால், செலவில்லாத ஒன்று பலிக்குமா என்று பார்க்க வந்திருந்தார். சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக உருட்டிக் காதில் மெதுவாக வைக்க வேண்டும். அது ஈரத்தை உறிஞ்சியதும் எடுத்துவிட்டு வேறு திரி வைக்க வேண்டும். காது காயும்வரை தினம் மூன்று வேளை இப்படி. எண்ணெய் கூடாது, குளத்துத் தண்ணீர் கூடாது. அவ்வளவுதான்.

அது பலிக்கிறதா என்று தெரிய இரண்டு ஊர் வேண்டும் என்றார். ஓர் ஊருக்குத் திரியைச் சொல்லிக் கொடுப்பது, இன்னோர் ஊருக்கு ஒரு வருஷம் கழித்துச் சொல்லிக் கொடுப்பது. வருஷக் கடைசியில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளின் காதையும் பார்த்தால், திரியால் ஆறியதா தானாக ஆறியதா என்று தெரிந்துவிடும். இடையில் யாருக்காவது காய்ச்சல், தலைவலி, காதுக்குப் பின்னால் வீக்கம் என்றால் எந்த ஊராக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஊர்களைத் தேடிப் பிடித்தவர் சூப்பர்வைசர் சக்கரபாணி. திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த அறைதான் ஆபீஸ். இரண்டு ஊரும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சக்கரபாணியும் மோட்டார் சைக்கிளில் விக்கிரவாண்டி வரை அலைந்து, நெடுந்தாங்கல் காலனியையும், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் செம்பேடு காலனியையும் பிடித்தார். அதே சனம், அதே கோயில், அதே கேப்பைக் கூழ், அதே மல்லாட்டைக் கூலி, அதாவது நிலக்கடலை பிடுங்கும் கூலி. நெடுந்தாங்கலுக்குத் திரி, செம்பேட்டுக்கு ஒரு வருஷம் பொறுத்து.

லூர்துமேரி வாக்கப்பட்டது நெடுந்தாங்கலில். அவள் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்குத் திரி உருட்டக் காட்டினாள். தன் வலது காதைத் தொட்டு, "இத பாருங்க, எண்ணெ ஊத்தின காது" என்பாள். வேறு பேச்சுத் தேவைப்படவில்லை. மழைக்காலத்துக்கு முன்பே நெடுந்தாங்கலில் பிள்ளைகளின் காது பக்கம் ஈ வருவது குறைந்துவிட்டதாக எல்லாரும் சொன்னார்கள்.

சக்கரபாணி அவளைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார்.

"லூர்துமேரி, உன் வீட்டுக்காரன் காதுல திரி வெச்சியா? நீ சொல்றது ஒண்ணும் அவனுக்கு விழறதில்லையாமே."

"அது வேற சீக்கு சார். அதுக்கு டாக்டரம்மா கைல மருந்து இல்ல."

அந்த வேலையில் சேர்ந்தபோது டாக்டர் அவளிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கியிருந்தார். செம்பேட்டில் யாருக்கும் ஒரு வருஷம் வரை திரியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அவளும் மாதா பேரைச் சொல்லிச் சத்தியம் செய்திருந்தாள்.

அவள் நாத்தனார் அம்மணி வாக்கப்பட்டிருந்தது செம்பேட்டில்.

ஏப்ரலில் கிணற்றுப் பாசன மல்லாட்டையைப் பிடுங்கினார்கள். நெடுந்தாங்கல் கழனிக்குச் செம்பேட்டுப் பெண்களும் கூலிக்கு வந்தார்கள். புங்கமரத்து நிழலில் வட்டமாக உட்கார்ந்து, பிடுங்கிய செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அம்மணியின் பெண் குழந்தை காது வடிந்து, மடியிலேயே சிணுங்கிக்கொண்டிருந்தது. அங்கே நடந்ததை லூர்துமேரி என்னிடம் சொன்னபடி எழுதுகிறேன்.

"ஏன் அண்ணி, உங்க ஊரு புள்ளைங்க காதெல்லாம் காஞ்சி கெடக்குது. எங்க ஊருல மட்டும் நாறுது. டாக்டரம்மா எங்கள மனுஷங்கன்னு நெனைக்கலியா?"

"அப்படி இல்ல அம்மணி. உங்களுக்கும் சொல்லுவாங்க. பொங்கல் தாண்டட்டும்."

"பொங்கலுக்குள்ள இதுக்கும் உன்ன மாதிரி ஒரு பக்கம் செவுடாயிடும். அப்பறம் ரெண்டு பேருமா பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து, கேக்கல கேக்கலன்னு சொல்லிக்கினு இருங்க."

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். லூர்துமேரியும் சிரித்துவிட்டு, குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த துணியை எடுத்துத் திரி உருட்டி வைத்தாள். நனைந்ததை எடுத்துப் போட்டுவிட்டு வேறு வைத்தாள். நாலாவது திரி ஏறக்குறைய காய்ந்தே வந்தது. குழந்தை தூங்கிவிட்டது.

"இத யாருக்கும் சொல்லாதே" என்றாள்.

"நான் யாருக்கு அண்ணி சொல்லப் போறேன்" என்றாள் அம்மணி.

அம்மணி யாருக்கும் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. வட்டத்தில் இருந்த செம்பேட்டுப் பெண்களுக்குக் கைதான் மல்லாட்டையில் இருந்தது, கண் லூர்துமேரி உருட்டிய திரியில் இருந்தது. அவர்கள் ஊருக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளுக்குச் செய்தார்கள், அந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரிகள் செய்தார்கள். நெடுந்தாங்கலுக்குப் பிரசவத்துக்கு வந்த செம்பேட்டு மருமகள்கள் இன்னும் சரியாகக் கற்றுக்கொண்டு போனார்கள். ஆனி மாதச் சர்ச் திருவிழாவுக்குள் செம்பேட்டில் திரி வைக்காத வீடு இல்லை. டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று அவர் ஆட்கள் வரும்போது மட்டும் திரியை எடுத்து ஒளித்துவிட்டார்கள். லூர்துமேரிக்கு இது ஆடி மாதமே தெரியும்.

அடுத்த பொங்கல் வந்தது. டாக்டர் விளக்கு வைத்து இரண்டு ஊர்ப் பிள்ளைகளின் காதையும் பார்த்தார். கணக்கெல்லாம் போட்டு முடித்து, மார்ச் மாதம் ஒரு நாள் திண்டிவனம் ஆபீசில் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"ரெண்டு ஊர்லயும் காது ஒரே அளவுக்கு ஆறியிருக்கு. திரி வெச்ச ஊரு, வெக்காத ஊரு, வித்தியாசமே இல்ல. அப்படின்னா திரியால பிரயோஜனம் இல்லன்னுதான் நான் எழுதணும்."

சக்கரபாணி, "ஒரு வருஷ அலைச்சல் வீணாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"வீண் இல்ல சார். பிரயோஜனம் இல்லாதத இல்லன்னு தெரிஞ்சிக்கறதும் ஆராய்ச்சிதான். இது நல்லா வந்திருந்தா வானூர், முகையூர் பக்கமெல்லாம் கத்துக் குடுக்கலாம்னு பெரிய டாக்டருங்க சொல்லியிருந்தாங்க. இனிமே அது வேணாம்."

லூர்துமேரி அன்று சாயங்காலம் பஸ் ஏறி விழுப்புரம் வந்தாள். நான் கடையில் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல காது என் பக்கம் இருக்கும்படி என் வலது பக்கம் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது.

"சொன்னா வேல போயிடும் இல்ல அக்கா?"

"போயிடும்."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா ஒண்ணும் இல்ல. திரி பலிக்காதுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. உன் பேரு கெடாது."

நூல்கண்டை எடுத்து உருட்டினாள்.

"திரி பலிச்சது அக்கா. ரெண்டு ஊர்லயும் பலிச்சது. அதனாலதான் ஒரே மாதிரி இருக்குது." பிறகு சொன்னாள்: "நாளைக்கு என்கூட வா. அவங்க கோவத்துல மெதுவா பேசினா எனக்கு விழாது. நீ கேட்டுச் சொல்லு."

மறுநாள் நடந்ததை நானே பார்த்தேன். டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். லூர்துமேரி நின்றபடியே புங்கமரத்திலிருந்து தொடங்கிச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. டாக்டர் நடுவில் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"எத்தன வீடு?"

"எல்லா வீடும்மா."

சக்கரபாணி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒண்ணு மாதிரியே ரெண்டு ஊரு வேணும்னு தேடினேனேம்மா. ஒண்ணு மாதிரி இருந்தா அது சம்பந்தி ஊரா இருக்கும்னு எனக்குத் தோணலியே. போற வழியில என் மாமியார் ஊர வேற தாண்டிப் போனேன்."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் மெதுவாகத்தான் பேசினார். நான் லூர்துமேரியின் நல்ல காதுப் பக்கம் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

"புள்ளைக்குத் திரி வெச்சத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். நீ ஏன் ஏப்ரல்லயே வந்து சொல்லல? சொல்லியிருந்தா செம்பேட்ட விட்டுட்டு வேற ஊரு எடுத்திருப்பேன். ஒரு வருஷம் பிழைச்சிருக்கும்."

"அந்தக் கொழந்த காது ஆறினது எனக்கு சந்தோஷமா இருந்துச்சிம்மா. சந்தோஷத்தக் குத்தம்னு எப்படி வந்து சொல்றதுன்னு தெரியல. அப்பறம் நாளாயிடுச்சி. நாளானப்பறம் பயமாயிடுச்சி."

டாக்டர் விளக்கினார். திரி பலிக்காது என்று இனி எழுத முடியாது. பலிக்கும் என்றும் எழுத முடியாது, ஏனென்றால் ஒப்பிட ஊர் இல்லை. செம்பேட்டில் எப்போது, எப்படி ஆரம்பித்தது என்று லூர்துமேரி சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கணக்கோடு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிற்காலத்தில் யாராவது அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்து, திரி வீண் என்று நம்பிவிடுவார்கள்.

அதன் பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆராய்ச்சி அப்படியே நின்றது. டாக்டர் காந்திமதி வேறு விஷயம் எடுத்துப் படித்து, தாமதமாகப் பட்டம் வாங்கினார். திண்டிவனம் அறையைக் காலி செய்தார்கள். வானூருக்கும் முகையூருக்கும் யாரும் திரி கொண்டுபோகவில்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் காதில் அந்த வருஷமும் எண்ணெய்தான் ஊற்றினார்கள். லூர்துமேரி திரும்ப மல்லாட்டை பிடுங்கப் போனாள். முகையூர்ப் பக்கத்திலிருந்து யாராவது காதில் பஞ்சோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால், அவள் அந்தக் குழந்தையைப் பார்ப்பதை நிறுத்த மாட்டாள். "ஒரு வார்த்த ஏப்ரல்ல சொல்லியிருந்தா, அக்கா" என்பாள். அவள் சொல்வது சரிதான். அவளை யாரும் குற்றம் சொல்லாதது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவள் உண்மையைச் சொன்ன அன்று, ஆபீசில் சக்கரபாணி தாளை எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். மை டப்பாவைத் திறந்து அவள் முன்னால் நகர்த்தினார். அவள் கட்டைவிரலை நீட்டவில்லை.

"ரேகை வெச்சா, நீங்க எழுதினத நான் ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கும் சார். இது நான் சொன்னது. என் பேர நானே எழுதறேன்."

"உனக்குத்தான் எழுத வராதே, தாயே."

"ஒரு வாரம் குடுங்க."

டாக்டர் மை டப்பாவை மூடி, தன் மேசைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு தாளில் பெரிய எழுத்தாக அவள் பெயரை எழுதிக் கொடுத்தார். லூர்துமேரி அந்த வாரம் முழுக்கக் கழனிக்குப் போகவில்லை. அடுப்புக்கரியால் சுவரில் எழுதினாள், வாசலில் குச்சியால் எழுதினாள். முதல் எழுத்தின் சுழிதான் அவளுக்கு வளையவே இல்லை. "இதுக்கு பதிலா எனக்கு அம்மணின்னு பேரு வெச்சிருக்கலாம்" என்றாள்.

மறுபடி நாங்கள் இரண்டு பேரும் திண்டிவனம் போனோம். தாளில், தான் செய்ததும் சொல்லாமல் விட்டதும் எழுதியிருந்த வரிகளுக்குக் கீழே, குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, என் தங்கை முதல்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள் 1986 மார்ச் 21, வெள்ளிக்கிழமை.