அறுபதாம் கல்யாணமும் ஐம்பத்திரண்டு வயது மாப்பிள்ளையும்

போன வாரம் குன்றாண்டார்கோவிலில் ஒரு அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்கு வயது ஐம்பத்திரண்டு.

அச்சுப் பிழை என்று நினைத்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதிவிடாதீர்கள். வீட்டுக் கணக்கில் அவருக்கு அறுபது. பஸ் கம்பெனிக் கணக்கில் ஐம்பத்திரண்டு. இரண்டு கணக்கும் இத்தனை காலம் ஒன்றையொன்று பார்க்காமலே ஓடிக்கொண்டிருந்தன!

மாப்பிள்ளையின் பெயர் முத்துக்கருப்பன். புதுக்கோட்டை - அரிமளம் காலை பஸ்ஸின் டிரைவர். அரிமளத்தில் என் தங்கை இருப்பதால் வாரம் ஒரு முறையாவது அந்த பஸ்ஸில் போவேன். டிரைவருக்குப் பக்கத்து சீட் எனக்கென்றே எழுதி வைத்தது மாதிரி. யுத்தம் முடிந்த கையோடு அவர் இந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது முதலாளி வயதைக் கேட்டிருக்கிறார். வயசாளி என்று தள்ளிவிடுவாரோ என்ற பயத்தில், எட்டு வயதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறினார் முத்துக்கருப்பன். வாயால் சொன்ன வயதுதான். யார் சரிபார்த்தார்கள்?

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அமெரிக்கா குறுக்கே வரும் வரை.

அறுபது வயதாகிவிட்டால் பைலட் பயணிகள் விமானத்தை ஓட்டக் கூடாது என்று அங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள். பேப்பரில் வந்திருந்தது. அன்றைக்கு எங்கள் பஸ்ஸில் இதே பேச்சுதான். விமானத்தில் கால் வைத்தே இராத அத்தனை பேரும் பைலட்டின் வயதைத் தீர்மானித்துக்கொண்டு வந்தார்கள். ஆகாயத்தில் நெஞ்சு வலி வந்தால் வண்டியை ஓரங்கட்ட இடம் ஏது என்று கேட்டார் ஒரு வக்கீல். நியாயம்தானே?

அரிமளத்தில் கடை வைத்திருக்கும் ராவுத்தர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஒரே ஒரு தடவை திருச்சியிலிருந்து கொழும்புக்குப் பறந்தவர் - எங்கள் பஸ்ஸைப் பொறுத்தவரை விமான நிபுணர். “நான் ஏறுன ப்ளேன்ல பைலட்டுக்கு மீசையே சரியா அரும்பல. எறங்குற வரைக்கும் ஓதிக்கிட்டே போனேன். எனக்கு அறுபது வயசுக்காரர்தாங்க வேணும்” என்றார்.

முத்துக்கருப்பன் ரோட்டைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்: “வயசு கண்ணுலயா சார் இருக்கு? கையில இருக்கு. ஸ்டியரிங்குக்கே ரோடு தெரியும்.”

நல்ல வசனம் என்று ரசித்தேன். அதில் யோசிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று யோசிக்கவில்லை.

நாங்கள் வெறுமனே பேசினோம். எங்கள் பஸ் முதலாளி காரியத்தில் இறங்கிவிட்டார். ஆகாசத்தில் எதிரே மாட்டுவண்டி வராது, ஆட்டு மந்தை வராது. அங்கேயே அறுபது என்றால் ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு ஐம்பத்தைந்து போதும் என்று ஒரு நாள் காலையில் உத்தரவு போட்டுவிட்டார். முதலாளிகளுக்கு வயது வரம்பு உண்டா? அமெரிக்காக்காரன் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லையாம். எங்கள் முதலாளியோ, எனக்குத் தெரிந்து, பல வருஷங்களாக ஐம்பத்தெட்டிலேயே நின்றுகொண்டிருக்கிறார்.

ஐம்பத்திரண்டுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் மூன்று வருஷம் கிடக்கிறதே என்று முத்துக்கருப்பன் நிம்மதியாகத்தான் இருந்தார். ஆனால் வீட்டில் அழகம்மாள் இருக்கிறாரே! மனைவியிடம் வயதைக் குறைத்துச் சொல்ல முடியுமா? அறுபது பிறக்கப் போகிறது, கல்யாணம் செய்தே தீர வேண்டும் என்று அந்த அம்மாள் பிடித்த பிடியில் நின்றுவிட்டார்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. முதல் கல்யாணம் நடந்த காலத்தில் முத்துக்கருப்பன் வேறொரு முதலாளியிடம் பஸ் ஓட்டினார். முகூர்த்தத்தன்று மாற்று டிரைவருக்குக் காய்ச்சல். தாலியைக் கட்டிவிட்டு, மாலையைக் கழற்றி மாமனார் கையில் கொடுத்துவிட்டு, மத்தியான டிரிப்பை எடுக்கப் போய்விட்டார் மாப்பிள்ளை. பந்தியில் மணப்பெண் தனியாகச் சாப்பிட்டாள். சொல்லுங்கள்... இந்த அம்மாளிடம் போய் அறுபதாம் கல்யாணம் வேண்டாம் என்று யார் சொல்வது?

செய்தால் வேலை போகும். செய்யாவிட்டால் வீட்டில் முகம் கொடுத்துப் பேச ஆள் இருக்காது. முத்துக்கருப்பன் ஒரு யுக்தி செய்தார். அரிமளம் ஒரு திக்கு என்றால் குன்றாண்டார்கோவில் நேர் எதிர்த் திக்கு. அங்கிட்டு நம்மளை யாருக்குத் தெரியும் என்று கல்யாணத்தை அங்கே கொண்டுபோய் வைத்தார். கம்பெனியில் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொன்னார். பத்திரிகையில் எழுதுகிறவனிடம் ரகசியம் சொன்ன முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

ஆனால் நம் ஊரில் ஒரு விசேஷத்தை ரகசியமாக வைக்க முடியுமா? சோறு போடும் முதலாளி வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைக்காமல் கல்யாணமா? அழகம்மாள் வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, தலை முழுகி, தாம்பாளத்தோடு போய் முதலாளியின் மனைவியை முதல் ஆளாக அழைத்துவிட்டு வந்திருக்கிறார். விசேஷத்துக்கு முந்தின நாள்தான் அது முத்துக்கருப்பனுக்குத் தெரிந்ததாம்.

அதனால்தான் மணையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை முகத்தில் கல்யாணக் களை இல்லை. நான் பக்கத்தில் இருந்தேன். பந்தலின் வாசலில் நிழலாடும்போதெல்லாம், “சார், வாரது யாரு?” என்று குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். மேளக்காரர் வந்தபோது கேட்டார். சமையல்காரர் வந்தபோது கேட்டார். சொந்த மைத்துனர் வந்தபோதும் கேட்டார். பயத்தில் கேட்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

பிறகு முதலாளி வந்தார். பட்டுக்கரை வேட்டி, அங்கவஸ்திரம், பின்னால் மனைவி. நல்ல வெயில். பளிச்சென்று வாசலில் நிற்கிறார். பஸ்ஸின் நீளம் கூட இருக்காது அந்தத் தூரம்.

“சார், அது யாரு... பூக்காரரா?” என்றார் முத்துக்கருப்பன்.

நேற்று வரை அரிமளம் ரோட்டில் நான் யார் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்?

எனக்குக் கேட்டது அழகம்மாளுக்கும் கேட்டுவிட்டது. கழுத்தில் மாலையோடு திரும்பி அவர் முகத்தையே பார்த்தார். “நெசமாவே தெரியலையா ஒங்களுக்கு?” என்று மெதுவாகக் கேட்டார். கெட்டிமேளம் முழங்கியது. இரண்டாவது முறையாகத் தாலி ஏறியது.

முதலாளி ஆசீர்வாதம் செய்ய வந்தார். இனி வெடிதான் என்று நான் காத்திருந்தேன். வெடிக்கவில்லை. ஏனென்றால் அவர் மனைவி வாயைத் திறந்துவிட்டார்: “டிரைவருக்கே அறுபது வந்துருச்சு. எங்க வீட்டுலதான் இன்னும் வரமாட்டேங்குது.” கல்யாணம் செய்துகொண்டால் மகன் கல்லாச் சாவியைக் கேட்பான் என்று முதலாளி தன் அறுபதைத் தள்ளிக்கொண்டே வந்த கதை, எங்கள் பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான்.

வயது என்ற சொல்லே காதில் விழாதவர் போல முதலாளி அட்சதையைத் தூவினார். நாளை காலை வண்டிக்கு நேரத்துக்கு வந்துவிடு என்று மட்டும் முத்துக்கருப்பனிடம் சொன்னார். அதாவது வேலை தப்பிவிட்டது! முத்துக்கருப்பன் முகத்தில் அப்போதுதான் கல்யாணக் களை வந்தது.

அது நிலைக்கவில்லை. அழகம்மாள் எழுந்து நின்றார்.

“மொதக் கல்யாணத்துல தாலி கட்டுன கையோட பஸ்ஸெடுக்கப் போயிட்டாக. இந்தத் தடவை வேணாங்க மொதலாளி. இவுக கண்ணை நம்பி அம்புட்டு சனம் ஏறுது. ஸ்டாண்டுல வேற வேலை இருந்தா குடுங்க.”

வயதை மறைக்க அத்தனை பாடுபட்ட மனிதரை, வயது பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் இறக்கிவிட்டார் அந்த அம்மாள். முத்துக்கருப்பன் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணைத் துடைத்தார். எனக்கும் மனசு கனத்துவிட்டது, சொல்வதற்கென்ன. ஆனால் கூடவே ‘அப்பாடா’ என்றும் இருந்தது. அந்த முன் சீட்டில் உட்காருகிறவன் நான் அல்லவா!

இப்போது அவர் புதுக்கோட்டை ஸ்டாண்டில் டைம் கீப்பர். வரும் பஸ்ஸின் இரைச்சலை வைத்தே எந்த வண்டி என்று சொல்லிவிடுகிறார். கண்ணைக் காட்ட மதுரைக்கும் போகப் போகிறார்களாம். அமெரிக்கா செய்தது சரியா என்று ராவுத்தரும் வக்கீலும் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

நேற்று அரிமளத்திலிருந்து திரும்பும்போது முத்துக்கருப்பன் என் பக்கத்தில் பயணியாக உட்கார்ந்து வந்தார். புது டிரைவர் இளவட்டம். ரோடு தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் முத்துக்கருப்பனின் வலது கால் கீழே இருந்த பலகையை ஓங்கி அழுத்தியது. புது டிரைவர் பிரேக் போடும் முன்பே இவர் போட்டுவிட்டார்!

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கச் சட்டம் போட்டுவிடலாம். காலுக்கு?