சுபத்ராவுக்குச் செய்த சாய்மானம்

நான் புளுகுவேன். சிட்லபாக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் ஏரிக்கரையில் நான் ஒரு தடவை பார்த்த சாரைப்பாம்பு, சொல்லச் சொல்ல வளர்ந்து இப்போது மின்கம்பத்தைவிட நீளமாகிவிட்டது. டெலிபோன் துறையில் முப்பத்தாறு வருஷம் கேபிள் பார்த்து ரிட்டயர் ஆனவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? ஆனால் இதில் ஒரு நூல் அளவுகூட நான் கூட்டவில்லை. இதில் வரும் மணியெல்லாம் என் கைக்கடிகாரத்தில் நானே பார்த்த மணி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது ராத்திரி நடக்கவில்லை. ராத்திரி என்றால் நாம் பயப்படத் தயாராக உட்கார்ந்திருப்போம். இது நடந்தது போன பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், முகத்தில் அறைகிற வெயிலில். அதனால்தான் இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

ரிட்டயர் ஆன மாதமே ஒரு புத்தம் புது புல்லட் வாங்கினேன். தெருவே கைதட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். (சரி, எதிர்வீட்டுப் பையன் ஒருவன் தட்டினான்.) என் மனைவி சுபத்ரா இரண்டு மாதம் ஆசையாகப் பின்னால் உட்கார்ந்து வந்தாள். சுடிதார் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு, ராணி மாதிரி. அப்புறம் ஒருநாள் "இடுப்பு வலிக்குதுங்க" என்றாள். அவ்வளவுதான். மூன்று வருஷம் அவள் அந்த வண்டியைத் தொடவே இல்லை. நான் ஒண்டியாகத்தான் ஓட்டினேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சொன்ன வியாழனுக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம். அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கேளம்பாக்கம் வழியாகக் கடற்கரை வரை ஒரு ரவுண்டு போக வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை. இடுப்பு வலிக்கிறது என்கிறாள், சரி, பின்சீட்டுக்கு முதுகு சாய்மானம் ஒன்று செய்து போட்டால் மறுப்பாளா?

அஸ்தினாபுரத்தில் டெனிஸ் என்று ஒரு மெக்கானிக். ஒரு வருஷமாகத்தான் பழக்கம், ஆனால் கைவேலைக்காரன். ரெடிமேட் சாமானை நாய்கூடத் தொடாது என்பான். அவனிடம் ஒரு சட்டம் உண்டு. உட்காரப்போகிறவர் நேரில் வந்து வண்டியில் உட்கார வேண்டும். முதுகுக்கு நூல் பிடித்து, சாக்பீஸில் குறி போட்டு, அப்புறம்தான் பைப்பை வளைப்பான். ஆள் வராமல் அளவு இல்லை. என் பெண்டாட்டிக்கோ இது தெரியக்கூடாத பரிசு. எப்படியாவது தாஜா செய்துகொள்ளலாம் என்று திங்கட்கிழமை காலை வண்டியை எடுத்துப் போனேன்.

அன்றைக்குப் பார்த்து அவன் ஆளைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"வுட்டுட்டுப் போங்க சார். நான் பாத்துக்கறேன்" என்றான். தப்பித்தோம் என்று நான் ஒரு டீயைக் குடித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் வீடு வந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் வண்டி கைக்கு வந்தது. கறுப்பு ரெக்சின், கெட்டி ஸ்பாஞ்சு, பளபளவென்று பைப். "மேடத்துக்கு அச்சா பொருந்தும் சார்" என்று அடித்துச் சொன்னான் டெனிஸ். வீட்டு வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. சாய்மானம் நேராகவே இல்லை. வலது பக்கத்து பைப் நான்கு விரற்கடை முன்னால் வந்து, சீட்டைச் சுற்றிக்கொண்டு நின்றது. இடது பக்கம் பின்னுக்குப் போயிருந்தது. உயரமும் போதவில்லை. சுபத்ரா ஐந்தடி நாலு அங்குலம். இது ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் செய்தது போல இருந்தது.

சுபத்ரா வாசலுக்கு வந்தாள். பார்த்தாள். தொடவில்லை.

"இது எனக்குச் செஞ்சது இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அளவெடுக்காமல் குத்துமதிப்பாகச் செய்துவிட்டு, முகத்துக்கு நேரே பொய் சொல்லியிருக்கிறான் பயல். எனக்கு நெஞ்சு ஆறவில்லை. அவனிடம் திரும்பப் போவதில்லை, நானே சரிசெய்கிறேன் என்று சபதம் எடுத்தேன்.

வியாழக்கிழமை. சுபத்ரா ஒன்றரை மணிக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க குரோம்பேட்டைக்குக் கிளம்பினாள். கார் நிறுத்துகிற ஷெட்டில் வண்டியைச் சைடு ஸ்டாண்டில் போட்டேன். தெருவில் ஈ காக்கை இல்லை.

2.10. ஸ்பானரை எடுத்தேன். இடது பக்கத்து போல்ட் இரண்டும் வெண்ணெயாகக் கழன்றன. வலது பக்கத்து இரண்டும் அசையவில்லை. யாரோ பாரமாகச் சாய்ந்திருந்தால் எப்படி இறுகி நிற்குமோ அப்படி. ஸ்பானரில் ஒரு குழாயை மாட்டித் தொங்கியதும், ட்டொக்!

2.25. சாய்மானம் கையோடு வந்தது. வலது பைப்பை மரக்கட்டையில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பின்னுக்குத் தள்ளினேன். டேப் பிடித்தேன். இரண்டு பக்கமும் பதினோரு அங்குலம். ஒரு நூல் வித்தியாசம் இல்லை. திரும்ப மாட்டி, நான்கு போல்ட்டையும் இறுக்கிவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனேன்.

2.38. வெளியே வந்தேன். வலது பைப் நான்கு விரற்கடை முன்னால் நின்றது.

வெயிலில் இரும்பு இளகும் என்று எனக்கு நானே பாடம் எடுத்துக்கொண்டேன். மறுபடி கழற்றினேன். மறுபடி தட்டினேன். அளந்தேன், பதினொன்று, பதினொன்று. மாட்டினேன். இந்தத் தடவை உள்ளே போகவில்லை. துணியை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன்... அவ்வளவுதான்.

நான்கு விரற்கடை.

2.47. சரி, உட்கார்ந்தே பார்த்துவிடுவோம் என்று பின்சீட்டில் ஏறினேன். இரண்டு பக்கமும் கால் போட்டேன். பைப் விலாவில் குத்தியது. இறங்குவதற்காக வலது காலைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டேன். ஒரு நிமிஷம் அப்படியே ஒருபக்கமாக, இடப்புறம் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

சாய்மானம் என் முதுகை ஏந்திக்கொண்டது.

மெத்தென்று. கச்சிதமாக. எனக்கு ஒரு சாண் உயரம் குறைந்திருந்தால் இன்னும் கச்சிதம்.

டெனிஸ் தப்பாகச் செய்யவில்லை. புடவை கட்டி, ஒருபக்கமாக உட்காருகிற ஒரு குள்ளமான பெண்ணுக்கு, அளவெடுத்துத்தான் செய்திருக்கிறான்.

இறங்கினேன். கையெல்லாம் கிரீஸ். போனைத் தரையில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு டெனிஸைக் கூப்பிட்டேன். மணி 2.53.

"டெனிஸ், யாருக்குய்யா அளவெடுத்தே?"

"இன்னா சார் கேக்கறீங்க? மேடத்துக்குத்தான்."

"எந்த மேடம்?"

"உங்க வூட்டம்மா சார். நீங்கதான இட்டுகினு வந்தீங்க? நீங்க எறங்கி டீ குடிக்கப் போய்ட்டீங்க. அவங்க எறங்கவே இல்ல. அப்டியே ஒருபக்கமா குந்திகினு இருந்தாங்க. நான் பின்னாலேந்து நூல் புடிச்சேன். திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். உங்ககூட ஆட்டோல போய்ட்டாங்கன்னு நெனச்சேன்."



"நான் தனியாத்தான்யா வந்தேன்."

"வெளாடாதீங்க சார். எப்ப வந்தாலும் அவங்களோடதான வருவீங்க? ஒரு வருசமா பாக்கறேன், ஒரு வார்த்த பேசல. கோவமா சார் அவங்களுக்கு?"

அப்போதுதான் அந்தச் சத்தம்.

ட்டக்.

பின்சீட்டின் கால்வைப்பு. நான் மடக்கி வைத்திருந்தேன். அது தானாக விரிந்தது.

க்ரீ...ச்.

பின்பக்க ஷாக் அப்சார்பர் இறங்கியது. மெதுவாக. ஆள் ஏறினால் இறங்குமே, அந்த அளவுக்கு.

புஸ்... ஸ்பாஞ்சிலிருந்து காற்று போனது. ரெக்சினில் ஒரு குழி விழுந்தது. சாய்மானத்தில் இன்னொரு குழி.

"சார்? லைன்ல கீறீங்களா?"

நான் குனிந்து, கிரீஸ் கையாலேயே போனை அணைத்தேன்.

3.07. கேட் சத்தம் கேட்டது. சுபத்ரா. கையில் பை. கேட்டைத் திறந்தவள் அங்கேயே நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தாள்.

"ஏங்க."

"ம்..."

"அவள எறங்கச் சொல்லுங்க. நான் உள்ள வரணும்."

 கத்தவும் வரவில்லை. எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. சீட்டைப் பார்த்து, ஆபீசில் மேலதிகாரியிடம் பேசுகிற குரலில் சொன்னேன்.

"எறங்குங்கம்மா."

ஒன்று... இரண்டு... மூன்று...

க்ரீச். ஷாக் மேலே வந்தது.

குழி நிரம்பியது.

சுபத்ரா சுவரை உரசிக்கொண்டு, வண்டியைச் சுற்றி, உள்ளே போனாள்.

டீ போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பேசினாள். அப்போது மணி 3.40.

"மொத நாள் அவள உங்க பின்னால தெருமுனையில பாத்தப்போ, உங்களுக்கு இன்னொரு குடும்பம் இருக்குன்னு நெனச்சேன். ஒரு வாரம் அழுதேன். அப்புறம் மழையில வந்தீங்க. நீங்க தொப்பலா நனைஞ்சிருந்தீங்க. அவ புடவையில ஒரு சொட்டு ஈரம் இல்ல. அப்பதான் புரிஞ்சுது."

"மூணு வருஷமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா வண்டிய வித்துடுவீங்க."

"விப்பேன்தான்!"

"வித்தா அவ எங்க போவா? வண்டி மேல இருக்கற வரைக்கும் வீட்டுக்குள்ள வரமாட்டா. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

யோசித்துப் பாருங்கள். நாற்பது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவள். தாம்பரம் மேம்பாலத்திலும் கேளம்பாக்கம் ரோட்டிலும் நான் விசிலடித்துக்கொண்டு போன ஒவ்வொரு தடவையும், என் முதுகுக்குப் பின்னால் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தே கேட்டருகே நின்று கையாட்டி அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு வீடு பத்திரமாக இருக்க வேண்டும். நான் எப்படிப் போனால் என்ன?

"என் முதுகுக்குப் பின்னாடி ஒக்காத்தி வெச்சிட்டியே சுபா" என்றேன்.

அவள் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

அந்தப் பேய்வண்டி இனி ஒரு நிமிஷம் என் வீட்டில் நிற்கக் கூடாது. டெனிஸை மறுபடி கூப்பிட்டு, எடுத்துப் போய் விற்றுக்கொடு என்றேன். அவனிடம் வேறு எதுவும் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டான். 5.20க்கு வந்தான். நான் கேட்டருகே நின்று சாவியைக் கொடுத்தேன். சுபத்ரா வாசற்கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி அஸ்தினாபுரம் பக்கம் திரும்பி, படபட சத்தம் ஓயும் வரை அசையாமல் நின்றேன். அப்புறம் கேட்டைச் சாத்தித் தாழ் போட்டேன். மூன்று வருஷத்துப் பாரம் இறங்கியது போல இருந்தது.

6.12. போன். டெனிஸ்.

"சார், வண்டி கடைக்கு வந்துட்ச்சு. நல்லா லேசா ஓடுது."

"சரிப்பா."

"மேடத்துக்கு வண்டிய விக்க இஷ்டம் இல்லியா சார்? நீங்க சாவி குடுத்தப்போ வண்டிகிட்டயே நின்னுகினு இருந்தாங்க. நான் கெளப்பினதும் உள்ள போய்ட்டாங்க."

நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"வாசக்கதவுல ஒசரமா ஒரு அம்மா நின்னுகினு இருந்தாங்களே சார்... ஒதுங்கி மேடத்துக்கு வழி வுட்டாங்களே... அவங்க யாரு, உங்க அக்காவா?"

"இல்லப்பா" என்றேன். "அவங்கதான் என் சம்சாரம்."

 பிறகு லைன் கட்டாகிவிட்டது.

வாசற்கதவில் வழிமறித்து நிற்க அவளுக்கு இடம் இருந்தது. உள்ளே போய்த் தாழ் போட நேரமும் இருந்தது. ஒதுங்கி வழி விட்டிருக்கிறாள் சுபத்ரா.

ஏன் என்று நான் அவளை இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.