சீராக்கம்

நான் புலம்பெயர்ந்து வந்த பியர்பொன்ட்ஸில் என் சமையலறை மேசைதான் எனக்கு அலுவலகம். அங்கிருந்துதான் கொழும்பில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரரைத் தமிழில் பேச வைத்தேன். நாட்டுக்குக் கடன் கொடுத்த சர்வதேச நிறுவனத்தின் வதிவிடப் பிரதிநிதி அவர். அரசாங்கம் சொன்னபடி நடக்கிறதா என்று அங்கேயே குடியிருந்து பார்ப்பவர். அவருடைய ஆங்கில அறிக்கைகள் ஒரு மொழிபெயர்ப்பு முகவர் மூலம் எனக்கு வரும். வதிவிடம் அவருக்கு, பிறந்த இடம் மட்டும் எனக்கு என்று சிரித்துக்கொள்வேன்.

மனிதர் மரியாதையாகத்தான் எழுதுவார். மக்களின் பொறுமைக்கு நன்றி சொல்லாமல் ஓர் அறிக்கையும் முடியாது. மின்கட்டணம் பற்றிய அறிக்கையில்கூட உயர்வு என்ற சொல் இல்லை. 'அட்ஜஸ்ட்மென்ட்' என்றுதான் இருந்தது. நான் 'சீராக்கம்' என்று போட்டேன். நல்ல சொல் அகப்பட்ட சந்தோஷத்தில் எழுந்துபோய்த் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

அடுத்த கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணை போன் எடுத்தார். நுரையீரல் பழுதாகி, வீட்டில் ஒட்சிசன் இயந்திரத்தோடு இருந்தார். அது இரவு பகலாகக் கரண்டில் ஓடவேண்டும். பில்லுக்குக் காசு அனுப்பட்டோ என்று பலமுறை கேட்டிருந்தேன்.

"நீ ஒண்டும் அனுப்ப வேண்டாம். கரண்ட் காசைச் சீராக்கப் போறாங்களாம், பேப்பரிலை கிடக்கு. இனிக் குறையும்தானே."

அது என் சொல். 'இல்லை, கூடப்போகுது' என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால், எழுதியது நீயா என்று கேட்டுவிட்டால்? வேலை ரகசியம் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். உண்மையில் வெட்கம்.

"ஓம் அண்ணை, பாப்பம்," என்றேன்.

கட்டணம் ஏறியது. அனுப்பட்டோ என்று கேட்டபோதெல்லாம் "சமாளிக்கிறன்" என்றார். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னபின் மாற்றிக் கேட்கிற ஆள் அல்ல அவர். தெரிந்திருந்தும், அவர் சமாளிப்பதாக நம்பியதுபோல் இருந்துவிட்டேன். பில்லுக்குப் பயந்து பகலில் இயந்திரத்தை நிறுத்தி வைத்திருந்திருக்கிறார். ஒரு மத்தியானம் கதிரையில் இருந்தபடியே போய்விட்டார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து இரண்டாம் நாள், மகளைக் குழந்தைகள் காப்பகமான கார்டரியில் விட்டுவிட்டுக் காருக்குள் இருந்தபோது அண்ணையின் மனைவி, என் மச்சாள், போன் எடுத்தா. மருந்துப் பெட்டிக்குள் அந்தப் பேப்பர்ச் செய்தியை அண்ணை வெட்டி மடித்து வைத்திருந்தாராம்.

"நீ மொழிபெயர்க்கிற ஆள்தானே. இந்தச் சீராக்கம் எண்டா என்ன?"

"கூட்டிறது, மச்சாள்."

அவ அந்தப் பேப்பர்த் துண்டைத் திரும்ப மடிக்கும் சத்தம் கேட்டது. முன்கண்ணாடியில் பனி விழுந்துகொண்டிருந்தது.

"அப்ப கூட்டிறம் எண்டே எழுதியிருக்கலாமே. மனிசன் அப்பவே உன்னட்டைக் காசு வாங்கியிருக்கும்."

நான் அதற்கும் ஓம் என்றேன்.