ஒன்றரை கன அடிப் பொரி

போன வாரம் பொம்மசந்திரா மெட்ரோவில் எனக்கு எதிரே நின்ற பெண்ணின் பையிலிருந்து ஒரு கவர் பிரிந்து, இரண்டு கைப்பிடி பொரி தரையில் கொட்டியது. ஆயுத பூஜை நெருங்கிவிட்டால் பெங்களூரில் யார் பையில் கை விட்டாலும் பொரி இருக்கும். காதில் செருகியிருந்ததைக் கழற்றாமலே அந்தப் பெண் குனிந்து பார்த்து, மொத்தப் பெட்டிக்கும் சேர்த்து ஒரு "சாரி" சொல்லிவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டாள். மற்றவர்களுக்கு அது பொரி. எனக்கு மட்டும் பலகை அறுக்கிற வாசனை வந்தது. சூடான மரத்தூளும் வெள்ளைப் பசையும் ஊதுபத்தியும் கலந்த வாசனை.

பொரிக்கும் பலகைக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அவசரமில்லையே உங்களுக்கு?

நான் அப்போது பொம்மசந்திராவில், வீட்டுச் சமையலறைகளுக்கு அலமாரி செய்கிற ஒரு கம்பெனியில் பலகை அறுக்கும் மிஷினில் இருந்தேன். அந்த மிஷினில் நின்ற பெண் நான் ஒருத்திதான். இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள். ஜீவனஹள்ளியில் கம்பெனி பஸ் ஏறினால், ஆஸ்டின் டவுனில் பாதிப் பேரைப் பொறுக்கிக்கொண்டு, ஓசூர் ரோடு முழுக்க ஊர்ந்து போய்ச் சேரும். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். பாட்டுப்பெட்டி டிரைவரிடம் இருக்காது. டிஸ்பேட்ச் பாபு என்று ஒருவர், பஸ் லீடர் என்று தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர், வயரை இழுத்துக் கடைசி சீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். என்ன பாட்டு, எவ்வளவு சத்தம், எல்லாம் அவர் விரலில். நாங்கள் ஒரு பாட்டுக் கேட்டால், "அடுத்த ட்ரிப்" என்பார். அந்த அடுத்த ட்ரிப் வரவே இல்லை.

பேக்கிங்கில் சாந்தா அக்கா என்று ஒருவர். எங்கள் எல்லோரையும்விட மூத்தவர். அவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. காதில் பஞ்சு வைத்து, மேலே துப்பட்டாவைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஜன்னலில் நெற்றியை முட்டுக் கொடுத்து உட்கார்ந்து வருவார். ஒருநாள் அதைப் பார்த்துப் பொறுக்காமல் கிரிஜாதான் எழுந்து கேட்டாள். கிரிஜா வீட்டில் கன்னடம். எங்களோடு பழகிப் பழகி அவள் தமிழ் ஒரு தினுசாக இருக்கும்.

"பாபு, ஸ்வல்ப கம்மி பண்ணு. அக்காவுக்குத் தலை நோவு."

"சத்தம் புடிக்கலன்னா ஒரு வேன் வாங்கிக்கோங்கம்மா. அதுல பஜனை போட்டுக்கினு வாங்க."

பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, பக்கத்தில் எல்லோரும் சிரிக்கும்போது வாய் தானாகக் கோணிக்கொள்கிறது. சிரிக்காதவள் ஃபிலோ ஒருத்திதான். ஆஸ்டின் டவுன் பிலோமினா. குவாலிட்டி செக்கிங்கில் இருந்தாள், நல்ல பலகையிலும் ஒரு கீறலைக் கண்டுபிடிக்கிற கண். அவள் சித்தப்பா பேக்கரிக்கு பன்னும் ரொட்டியும் ஏற்றிப்போன பழைய ஆம்னி வேன் ஒன்று தெருவில் சும்மா நின்றது. அடுத்த வாரம் அது அவள் கைக்கு வந்துவிட்டது. வெயில் ஏற ஏற உள்ளே பன் வாசனை வரும். பசியோடு ஏறினால் கஷ்டம்தான்.

பஸ் வேண்டாம் என்று ஆறு பேர் எழுதிக் கொடுத்தோம். வெளியே போனால் அடுத்த வருஷ லிஸ்ட் வரைக்கும் திரும்ப ஏற முடியாது என்று ஆபீசில் இரண்டு தடவை சொன்னார்கள். ஏழாவதாக சாந்தா அக்காவைக் கேட்டோம். "வம்பு எதுக்குடி? கண்ண மூடினா ஒரு மணி நேரம், வீடு வந்துடும்" என்றார். அவருக்காக ஆரம்பித்த சண்டையில் அவர் மட்டும் இல்லை.

வேனோடு நின்றிருக்கலாம். ஃபிலோ விடவில்லை. "வேன் மட்டும் வாங்கினா நாம ஓடிப்போன மாதிரி இருக்கும்டி. பஸ் பக்கத்துல நின்னா அவன் பாட்டு அவனுக்கே கேக்கக் கூடாது" என்றாள். அதற்கு வேண்டியது சப்வூஃபர். நெஞ்சுக்குள் கையை விட்டு அடிக்கிற மாதிரி தும்தும் என்ற அடிச்சத்தம் மட்டும் தருகிற பெரிய ஸ்பீக்கர். அதைச் சும்மா மாட்டினால் அடிக்காது, அதற்கென்று காற்றுப் புகாத பொட்டி வேண்டும். கடைப் பொட்டி ஆம்னியில் நுழைந்தால் இரண்டு பேர் இறங்கவேண்டும். ஆகவே பொட்டியே சீட்டாக இருக்கவேண்டும். வேனில் எதிரெதிராக இருந்த சீட்டில் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நான் செய்வதாகச் சொன்னேன். நாள் முழுக்கப் பெட்டி செய்கிறவள்தானே, இது என்ன பெரிய காரியம் என்ற திமிர்.

விஷயம் பாபு காதுக்குப் போனது. சாப்பாட்டு நேரத்தில் கேண்டீன் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "கிச்சன் பொட்டி செய்யறவ பாட்டுப் பொட்டி செய்யறாளாம். உள்ள பருப்பு டப்பா வெச்சுக்கலாம். அது அடிச்சா, பஸ்ல நான் பாட்டையே நிறுத்திடறேன்."

ஜே.சி. ரோட்டில் பத்து இன்ச் ஸ்பீக்கர் வாங்கப் போனோம். கடை பாய், "பிட்டிங் யாரு?" என்றார். நான்தான் என்றேன். எனக்குப் பின்னால் யாராவது ஆம்பளை நிற்கிறாரா என்று எட்டிப் பார்த்தார். ஃபிலோ நின்றாள். நல்ல மனிதர், பாவம், கெட்ட எண்ணமில்லை. உள்ளே ஒன்றரை கன அடி காற்று இருக்கணும் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். "ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் அடி செத்துப்போயிரும், சமஜ் ஆச்சா? மேல உக்காரலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. ஸ்பீக்கர் பொட்டி என்ன ஸ்டூலா?" நாங்கள் உட்காரத்தான் செய்கிறோம் என்று அவரிடம் சொல்லவில்லை.

கம்பெனியில் கழித்துப் போட்ட பலகைகளை கேட் பாஸ் வாங்கி எடுத்து வந்தேன். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வேண்டாம் என்று சொன்ன கிளிப்பச்சை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மாடியில் வேலை. இரண்டடி நீளம், ஓரடி உயரம், ஒன்பது அங்குல ஆழம். பெருக்கினால் ஒன்றரை கன அடி, சுத்தமாக. மூலைகளில் பசை, திருகாணி, உள்ளே இடுக்கு அடைக்கிற சிலிக்கான். முன்பக்கம் வட்டமாக ஓட்டை. அம்மா துணி காயப்போட வந்து பார்த்துவிட்டு, "கிச்சன வெளிய கொண்டாந்தீங்க, சரி. அதுக்கு வாய் வேற எதுக்குடி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எல்லாம் முடிந்தபின் கிரிஜாவுக்கு ஒரு சந்தேகம். "உள்ளே ஒன்றரை இருக்குதா? அளந்து பாத்தியா?" எப்படி அளப்பது, தண்ணீர் ஊற்றினால் பலகை ஊதிவிடும். அவள் அம்மா பூஜை சமயத்தில் தெருமுனையில் பொரி விற்பவர். ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எல்லாப் பக்கமும் ஓரடி இருக்கிற ஒரு அட்டைப்பெட்டியில் பொரியைத் தலை தட்டி, ஸ்பீக்கர் ஓட்டை வழியாக உள்ளே கொட்டினோம். ஒன்றரைப் பெட்டி போகவேண்டும். ஒன்று போனது. மேலே நாலு கை. அவ்வளவுதான், வாய் வரைக்கும் நிரம்பி வழிந்தது.

அட்டைப்பெட்டியை மறுபடி அளந்து பார்த்தோம், அது சரியாகத்தான் இருந்தது. பிறகுதான் எனக்கு உறைத்தது. சமையலறை அலமாரிக்கு நாங்கள் வெளி அளவுதான் பிடிப்போம். சுவருக்கும் சுவருக்கும் நடுவே நுழையவேண்டுமே. உள்ளே இரண்டு தட்டு குறைந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே கணக்கே உள்ளேதான். பலகையின் கனம் மொத்தத்தையும் காற்று என்று கணக்குப் போட்டிருக்கிறேன். வருஷக்கணக்காகப் பழகிய கை, யோசிக்காமலே தப்பு செய்தது. பாபு சொன்ன பருப்பு டப்பாவைத்தான் செய்து வைத்திருந்தேன்.

நான் உட்கார்ந்துவிட்டேன். ஃபிலோ உட்காரவில்லை. "சின்னதாப் போன ஜாக்கெட்டப் பிரிச்சு விடறதில்லையா? பிரி" என்றாள். உயரம் கூட்டினால் தலை இடிக்கும், ஆழம் கூட்டினால் எதிரே இருப்பவர் முழங்கால் இடிக்கும். நீளம்தான் கூட்டமுடியும். ஒரு பக்கப் பலகையை அறுத்தெடுத்து, பத்து அங்குலம் ஒட்டுப் போட்டேன். கிளிப்பச்சை தீர்ந்துபோயிருந்தது. அந்தத் துண்டு மட்டும் தேக்கு நிறம், கூறைச் சேலையில் வேறு பார்டர் தைத்த மாதிரி. மறுபடி பொரி. ஒன்றரைப் பெட்டி, கச்சிதமாக.

அப்புறம் ஓட்டை பார்க்கிற வேலை. ஸ்பீக்கரை மாட்டி, கிரிஜா அதன் முகத்தை மெல்ல அழுத்த, நான் ஒட்டுப் போட்ட இடமெல்லாம் ஊதுபத்தியைக் காட்டிக்கொண்டே வந்தேன். புகை கலைந்தால் அங்கே காற்று வருகிறது என்று அர்த்தம். ஒரு மூலையில் கலைந்தது, அடைத்தேன். மறுபடி காட்டினேன். புகை நூல் மாதிரி நேராக நின்றது. கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து பார்த்துவிட்டு, பூஜை முடிந்ததா, பிரசாதம் உண்டா என்று கேட்டார். பொரி கொடுத்தோம். மீதிப் பொரி என்ன ஆனது என்று தயவுசெய்து கேட்காதீர்கள், கிரிஜாவின் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

பூஜை விடுமுறை முடிந்த திங்கட்கிழமை முதல் ஓட்டம். மேல் பலகையை நாலு விரல் நீட்டி, மெத்தை தைத்துப் போட்டிருந்தோம். ஃபிலோ ஓட்ட, கிரிஜா முன்னால், மூன்று பேர் பின் சீட்டில். நான் செய்த பொட்டியின் மேல் நான். அது உடைந்தால் நான்தான் விழவேண்டும் என்பது ஏற்பாடு. ஒட்டுப் போட்ட பத்து அங்குலமும் எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது.

சில்க் போர்டு நெரிசல் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அன்று அது எங்களுக்காகவே நின்ற மாதிரி இருந்தது. ஊர்ந்து ஊர்ந்து, கம்பெனி பஸ்ஸின் பக்கத்தில், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் போய் நின்றோம். மேலே ஜன்னலில் பாபு. எங்கள் வேனைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்ல, நாலு தலைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தன. இப்போது இது அடிக்கவில்லையென்றால் ஒரு வருஷத்துக்கு இந்தச் சிரிப்புத்தான். எங்களை நம்பிக் கையெழுத்துப் போட்ட மூன்று பேரும் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறார்கள் என்று நிமிராமலே தெரிந்தது.

"போடு" என்றாள் ஃபிலோ. கிரிஜா அவளுக்குப் பிடித்த ஒரு கன்னடப் பாட்டைப் போட்டு முழுக்கத் திருகினாள்.

முதல் அடி என் முதுகெலும்பு வழியாக ஏறி உச்சந்தலையில் நின்றது. எதிரே இருந்தவர்களின் சேலைக் கொசுவம் படபடத்தது. பஸ்ஸின் தளர்ந்த ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொரு அடிக்கும் கிடுகிடுத்தன. கண்ணாடி ஏற்றிய வேனிலிருந்து வெளியே போவது வெறும் தும்தும் மட்டும்தான். அது கன்னடமா தமிழா என்று யாராலும் சொல்லமுடியாது. எங்கேயோ சிலிக்கானில் ஒட்டிக்கொண்ட பொரி ஒன்றிரண்டு உள்ளே சரசரவென்று துள்ளியது. பாபு ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அதற்குத்தானே பொட்டி செய்தோம்.

அப்போதுதான் பஸ்ஸின் முன் கதவு திறந்தது. சாந்தா அக்கா இறங்கினார். டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டு பைக்குகளுக்கு நடுவே புகுந்து வந்து, எங்கள் வேன் கதவைத் தள்ளித் திறந்தார். நான் நகர்ந்தேன். தேக்கு நிறத்துப் பத்து அங்குலத்தின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பொட்டி அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கிரிஜா பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினாள்.

அக்கா துப்பட்டாவை அவிழ்த்தார். காதிலிருந்து பஞ்சை எடுத்துச் சுருட்டி ஜன்னல் வழியாகப் போட்டார். "குறைக்காத. அங்க அவங்க சத்தம்டி. இது நம்ம சத்தம்" என்றார்.

சத்தம் தாங்கவில்லை என்று சண்டை போட்டவர்கள் அதைவிடப் பெரிய சத்தம் செய்ததாக நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் அணைத்தோம், பள்ளிக்கூட வாசலில் அணைத்தோம். அக்காவுக்குத் தலைவலி வந்த நாட்களில் அவர் சொல்லாமலே அணைத்தோம். பாபுவுக்காக மட்டும் ஒருநாளும் அணைக்கவில்லை. அவர் கேண்டீனில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை; ஆனால் பஸ்ஸில் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார் என்று முன் சீட்டுக்காரர்கள் வந்து சொன்னார்கள். இன்று அவர் எதிரில் வந்தால் என்ன பேசுவாய் என்று கேட்டால், அடுத்த ட்ரிப் எப்போது என்றுதான் கேட்பேன்.

இப்போது அந்தக் கம்பெனி அங்கே இல்லை. அந்தக் கட்டடத்தில் வேறு எதையோ செய்கிறார்கள். வேன் வயதாகி உடைசலுக்குப் போனது. எடுக்க வந்தவன் பொட்டியையும் சேர்த்துக் கேட்டான். அதை மட்டும் கொடுக்கவில்லை, எங்கள் வீட்டு வாசலில் செருப்புப் போட உட்காரும் இடமாக இருக்கிறது. ஃபிலோ மஸ்கட்டில். கிரிஜா துமகூரில் பேரன் பேத்தி எடுக்கும் அவசரத்தில். சாந்தா அக்கா இல்லை. பெங்களூரில் யார் பாட்டைப் போடுவது என்று சண்டை போடுகிற பஸ் ஒன்றுகூட இப்போது என் கண்ணில் படவில்லை. ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு பாட்டு, எல்லோரும் சமாதானமாக இருக்கிறார்கள்.

மெட்ரோ சில்க் போர்டைத் தாண்டும்போது கீழே அதே நெரிசல் தெரிந்தது. மேலே எங்கள் பெட்டி வழுக்கிக்கொண்டு போனது. தரையில் கொட்டிய பொரி கொட்டிய இடத்திலேயே கிடந்தது. ஒன்றுகூட அசையவில்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குதிகாலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். இரண்டு பொரி துள்ளின. எதிரே நின்ற பெண் காதிலிருந்து ஒன்றைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

இன்னொரு தட்டுத் தட்டினேன்.