கேட்காத பாதி

செய்தித்தாளில் முப்பத்தொரு வருடம் இசை விமர்சனம் எழுதியவருக்குப் பாடகர்கள் வைத்த பெயர் தராசு. பாராட்டாக வைத்தார்களா, வயிற்றெரிச்சலில் வைத்தார்களா என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. எந்தப் பாடகர் வீட்டிலும் ஒரு வாய் தேநீர் குடித்ததில்லை. யார் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும், சுருதி விலகினால் விலகியது என்றுதான் எழுதுவார்.

அந்த நேர்மையில் ஒரே ஓர் ஓட்டை இருந்தது. கச்சேரி முடியப் பத்து மணி ஆகும். மறுநாள் பக்கமோ ஒன்பதரைக்கே அச்சுக்குப் போய்விடும். ஆகவே இடைவேளையில் எழுந்து, நிகழ்ச்சி நிரலை மடித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த அலுவலகத்துக்கு நடப்பார். கேட்ட பாதிக்கு நான்கு பத்தி. கேட்காத பாதிக்கு ஒரு வரி: 'பிற்பகுதியில் குரல் சற்றே களைத்துவிட்டது.' இரண்டரை மணி நேரம் பாடினால் யாருக்குத்தான் களைக்காது? ஒருவரும் மறுத்ததில்லை. பக்கம் கட்டுகிறவர் மட்டும் சிரிப்பார்.

"என்ன சார், இன்னிக்கும் களைச்சாச்சா? பேசாம அந்த வரியை அச்சுல கோத்தே வச்சுடறேன். உங்களுக்கும் கை வலி மிச்சம்."

"உங்க வேலையைப் பாருங்க."

அவருடைய தங்கை பாடுகிறவள். எட்டு வயது இளையவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடியுமுன் எழுந்து, பிள்ளைகள் விழித்துவிடாமல் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பழகியவள். முப்பத்தாறாவது வயதில்தான் பெரிய அரங்கில் ஒரு மாலை கிடைத்தது. வேறு ஆளை அனுப்பச் சொல்லி அவர் பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கூடப்பிறந்தவளே ஆனாலும் முள் சாயாது என்று ஊர் பார்க்கட்டுமே என்ற வீம்பு.

முற்பாதியில் அவள் நடுங்கினாள். அதை மறைக்காமல் எழுதினார். கடைசியில், பழகிய மாடு தொழுவத்துக்குத் திரும்புவதுபோல, கை அந்த வரியையும் எழுதி முடித்தது.

காலையில் தங்கை கணவர் செய்தித்தாளோடு வந்து நின்றார்.

"எந்தக் கச்சேரியைக் கேட்டீங்க மச்சான்? பாட்டுன்னாலே தூங்கிடற ஆளு நான். இடைவேளைக்கு அப்புறம் அவ பாடினதுல எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு. முடிஞ்சப்போ மொத்த அரங்கமும் எழுந்து நின்னுச்சு. விளக்கை அணைக்க வந்தவன்கூட அப்படியே நின்னுட்டான்."

பின்னால் நின்ற தங்கை அழவில்லை. "திருத்தம்னு ஒரு மூலை வருதே அண்ணா, அதுல ஒரே ஒரு வரி போடு. பின்பாதி கேட்கலைன்னு. அது போதும்."

"அப்படிப் போட்டா இத்தனை வருஷமா எழுதினதை எல்லாம் சந்தேகப்படுவாங்கம்மா."

"அப்போ அதெல்லாமும் கேட்காமத்தான் எழுதினியா?"

அவர் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தார். "உன் அடுத்த கச்சேரிக்கு முழுசா இருந்து எழுதறேன்."

அடுத்த கச்சேரி வரவே இல்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் பொறாமை என்று தள்ளியிருப்பார்கள். "சொந்த அண்ணனே எழுதிட்டாரே!" என்றார்கள் அரங்கச் செயலாளர்கள். ஒருவர் மட்டும் இரக்கப்பட்டு, "அரை மணி நேரம்னா பாடுங்களேன், களைக்காது" என்றார். அதன் பிறகு சமையலறைக் கதவும் திறந்தே கிடந்தது.

பத்தொன்பது வருடம். அவர் போகும்போதெல்லாம் அவள் தேநீர் வைத்தாள், சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்தாள், மருந்தை மறக்காதே என்றாள். அந்த வரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பார். அதற்கும் அவள் வழி வைக்கவில்லை. பிறகு நோய் வந்து, மூன்றே மாதத்தில் போய்ச் சேர்ந்தாள்.

மறுவாரம் அவர் ஐந்து வரி எழுதிக்கொண்டு பழைய அலுவலகத்துக்குப் போனார். அவரிடம் வேலை பழகியவர்தான் இப்போது ஆசிரியர்.

"இருபது வருஷத்துக் கதை சார். யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?"

"போடுப்பா."

ரயில் நேரம் பற்றிய திருத்தத்துக்குக் கீழே அது வந்தது: என் தங்கையின் கச்சேரியில் இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டேன், பிற்பகுதியைக் கேட்கவில்லை, குரல் களைத்ததாக எழுதியது பொய்.

தங்கை கணவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"பார்த்தேன் மச்சான். அவ ஒரு வரிதான் கேட்டா. நீங்க அஞ்சு வரி குடுத்திருக்கீங்க. தாராள மனசு." இணைப்பு அறுந்தது.

அப்புறம் அழைப்பு மேல் அழைப்பு. ஓய்வுபெற்ற ஒரு குழல்காரர், செத்துப்போன ஒரு பாடகரின் மகன், பெயர்கூட அவருக்கு மறந்துபோன ஒரு பாடகி. எல்லோருக்கும் ஒரே கேள்வி: "என் கச்சேரிக்கும் எழுந்து போனீங்களா?" "எங்க அப்பாவுக்கும் அதே வரிதானே சார் எழுதினீங்க?" தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. கேள்வி முடிந்ததும் தொலைபேசியை வைத்துக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் ஒரு கிழக்குரல். எண்பதைத் தாண்டிய பாடகர்.

"தம்பி, குரல் களைச்சுடுச்சுன்னு நீங்க எழுதினதைப் படிச்சப்புறம் பின்பாதியில பெரிய பாட்டையே நான் எடுக்கலை. தொண்டை தாங்காதுன்னு விட்டுட்டேன். இருபத்தாறு வருஷம். அன்னிக்கு நீங்க கடைசிவரைக்கும் இருந்தீங்கல்ல?"

அவர் செய்தித்தாளை இரண்டாக மடித்தார்.

"இருந்தேண்ணே," என்றார் தராசு.

"அப்பாடா," என்றார் கிழவர். "அப்போ நான் விட்டது சரிதான்."