பைக்குடன் சேர்த்து ஓர் அப்பா

என்னை ஒருமுறை பள்ளிக்கூடத்தில் ஏலம் விட்டார்கள். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. ஐம்பதைத் தாண்டிய ஒருவனை எடுத்துக்கொள்ள ஆளிருக்கும் என்று நினைப்பதே ஒரு மரியாதைதான். வெட்கம் எதிலென்றால், கேட்பாரில்லாமல் சபை அமைதியாகக் கிடந்தபோது, அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நானே கையைத் தூக்கி என்னைக் கேட்டேன். பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பதினைந்து வயதுக்காரர்கள். அந்த வயதில் பார்த்ததை யாரும் லேசில் மறப்பதில்லை.

எங்கள் ஊர் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டிப் பக்கம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், பள்ளிக்கூடத்தில் இரண்டுக்கும் தனித்தனி டிவிஷன். என் மகள் படித்த பத்தாம் வகுப்புத் தமிழ் டிவிஷனில் ஒரு வேனில் அடங்கிவிடுகிற அளவுக்குத்தான் பிள்ளைகள். எனக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு. தேங்காய் விலை படுத்துக்கொள்ளும்போது பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். இந்த வகையில் நிறைய எழுதியிருக்கிறேன். இரண்டையும் விட ஒழுங்காக நான் செய்துவந்த வேலை, மகளை ஐந்தாம் வகுப்பிலிருந்து தினமும் காலையில் பைக்கில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டது.

பத்து முடிந்ததும் கோயமுத்தூரில் மாமா வீட்டில் தங்கிப் பிளஸ் ஒன் படிக்கப்போவதாக அவள் பொங்கலன்றே சொல்லிவிட்டாள். பக்கத்துச் சித்தூரிலேயே படிக்கலாமே என்பது என் கட்சி. சித்தூர் பைக்கில் கொண்டுபோய் விடுகிற தூரம். கட்சியின் கொள்கை முழுவதும் அவ்வளவுதான். அதை வெளியே சொல்ல முடியாதே. அதனால் பாடத்திட்டம், நெரிசல், வெயில் என்று கண்ட காரணங்களையும் அடுக்கினேன். ருசிக்குப் பேர்போன சிறுவாணித் தண்ணீர் குடிக்கிற கோயமுத்தூரைப் பற்றி, தண்ணி சரியில்லை என்று நான் சொன்னபோது என் மனைவி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி கடைசியில் சென்ட் ஆஃப். பெற்றோரும் வரலாம் என்றார்கள். எனக்கு ஒரு நப்பாசை. பிரிகிற நேரத்தில் பிள்ளைக்கு மனசு இளகும், அழுவாள், வீட்டுக்கு வந்ததும் சித்தூருக்கே போறேனுங்கப்பா என்பாள். அழுதால் துடைத்துக்கொள்ளட்டும் என்று சலவை செய்த துண்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சென்ட் ஆஃப் என்றால் ஏலம். எங்கள் பக்கத்தில் மாரியம்மன் நோம்பி முடிந்த மறுநாள், கோயிலுக்கு வந்த வாழைத்தார், சேவல், எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் கூட்டத்தில் ஏலம் விடுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், போகும்போது கையில் எடுத்துப்போக முடியாததையெல்லாம் ஒன்பதாம் வகுப்புக்கு ஏலம் விட்டுவிட்டுப் போவார்கள். காசு கிடையாது. பொதுத்தேர்வு நடக்கும் நாட்களில் பத்தாம் வகுப்புக்கு என்ன வேலை செய்து தருவாய் என்பதுதான் விலை. பெஞ்சு துடைப்பது, பானையில் தண்ணீர் நிறைப்பது, இப்படி.

ஏலம் விட்டவன் சந்தையில் துணிக்கடை போடும் ராவுத்தர் வீட்டுப் பையன். ஒரு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மேசைமேல் ஏறினான். முதலில் கணக்கு டீச்சரின் பார்வை படாத தூண் மறைவு போயிற்று. அடுத்தது, உலகப் படம் எடுத்துவர ஆபீஸ் அறைக்குப் போகிற உரிமை. "அரை பீரியடு தாராளமா ஆவுமுங்க, ஆணி கெடைக்கிலைன்னா முழுப் பீரியடு" என்றான். அதற்குக் கடும் போட்டி. மூன்றாவதாக, ஹெச்.எம். சாரின் "ரெண்டே நிமிஷம்".

"ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கலாமுங்க. அப்பவும் மீதி இருக்கும்" என்றான் பையன்.

முன்வரிசையில் ஹெச்.எம். சாரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிற்பாடு ரெண்டே நிமிஷம் பேசுகிறேன் என்று எழுந்து, தேநீர் ஆறிப்போகிறவரை பேசினார்.

என் மகள் முறை வந்தது. வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"பொருளு எங்க, அம்மிணி?" என்றான் ஏலக்காரன்.

"அக்கட்டால உக்காந்திருக்குது" என்று என்னைக் காட்டினாள். "அப்பா ஒண்ணு. பைக்கோட சேத்தி."

சபை திரும்பிப் பார்த்தது. நான் துண்டை மடிக்கடியில் தள்ளினேன்.

"ஓடற கண்டிசனா?"

"ஓடும். சத்தம்தான் ஜாஸ்தி. பைக்கு இல்லீங்க, அப்பா. வழி நெடுக்க ஜோக்கு சொல்லுவாரு. சிரிக்கிலைன்னா வெளக்கம் சொல்லுவாரு. மழை வந்தா கோட்டைக் கழட்டி நமக்குக் குடுத்துருவாரு. பொறகு ஒரு வாரம் தும்முவாரு, அதையும் கேக்கோணும்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. நானும் சிரித்தேன். ஆனால் அந்த மழைக்கோட்டு எனக்குள் எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது. தும்மலைத்தான் கவனித்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

"கேக்கறவிக கேக்கலாமுங்க" என்றான் பையன். ஒருவரும் கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு தரையைப் பார்த்தது. உலகப் படத்துக்கு அடித்துக்கொண்டவர்கள் ஓர் அப்பாவுக்கு வாயைத் திறக்கவில்லை. பையன் இன்னொருமுறை கூவினான். அந்த நேரத்தில்தான் என் கை மேலே போனது.

"நா எடுத்துக்கறேன்" என்றேன். "பரீட்சை முடியறவரைக்கும் எல்லாத்துக்கும் எளனி."

பையன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். "வாழைத்தாரு கை தூக்கப்படாதுங்க" என்றான்.

"அப்பா, நீங்க பொருளுங்க. சும்மா உக்காருங்க" என்றாள் மகள்.

உட்கார்ந்தேன். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல், "எல்லாத்துக்கும் மோரு" என்றது. வாய்க்கால் முக்கில் குடியிருக்கிற பெண், ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் தினமும் அவள் வீட்டைத் தாண்டித்தான் போவோம். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். அவள் வந்து, விற்ற பொருளுக்கு அடையாளமாக, என் சட்டைப் பையின்மேல் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனாள்.

கடைசியில் எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுக்கும்போது பிள்ளைகள் அழுதார்கள். கணக்கு டீச்சர் அழுதார். என் மகள் அவர்கள் எல்லாருடைய முதுகையும் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கொண்டுபோன துண்டைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது பைக்கில், "அம்மிணி, சித்தூர்ல அந்த..." என்று ஆரம்பித்தேன்.

"வித்த பொருளு பேசப்படாதுங்கப்பா" என்றாள். பிறகு வீடு வரும்வரை நெற்றியை என் முதுகில் முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள். தூங்கினாளா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினேன். அன்றைக்கு எங்கள் வீடு ரொம்பக் கிட்டத்தில் இருந்தது.

ஜூனில் போய்விட்டாள். பின்சீட்டில் ஆளில்லாத பைக் மேட்டில் சுலபமாக ஏறுகிறது. மைலேஜும் கூடியிருக்கிறது. இதில் சந்தோஷப்பட ஏதோ இருக்கவேண்டும். இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ராத்திரி போனில் பேசுவாள். "சாப்ட்டீங்களா, தோப்புக்குத் தண்ணி விட்டீங்களா" என்பாள். நான் ஒரு ஜோக் சொல்வேன். போனில் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வருகிறது. லைன் கோளாறாக இருக்கலாம்.

இங்கே பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் வழக்கமான நேரத்துக்கு வண்டியைத் தட்டி எடுத்துவிட்டேன். "எங்கீங்க?" என்றாள் மனைவி. தோப்புக்கு என்றேன். தோப்பு எதிர்ப்பக்கம் என்று அவளுக்கும் தெரியும். மழைக்கோட்டை எடுத்துவந்து கையில் கொடுத்தாள்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தூறல் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. வாய்க்கால் முக்கில், என்னை மோருக்கு எடுத்த பெண் குடையோடு நின்றிருந்தாள். இப்போது பத்தாம் வகுப்பு. வண்டியை நிறுத்தினேன்.

"ஏறு, கண்ணு. நீதான ஏலத்துல எடுத்த?"

அவளுக்கு ஞாபகம் வரவே கொஞ்ச நேரம் பிடித்தது. "அய்யோ, அது சும்மா வெளையாட்டுக்குங்க மாமா. யாருமே கேக்கிலியேன்னுட்டுக் கேட்டனுங்க."

"இருக்கட்டும். மழையா இருக்குது, ஏறிக்க."

"பஸ்ஸு வந்துருமுங்க. கூட்டாளிக எல்லாம் அதுலதானுங்க வருவாங்க."

பஸ் வளைவில் வந்துகொண்டிருந்தது. ஜன்னலெல்லாம் சீருடை, சிரிப்பு. அவள் குடையை மடக்கினாள். நான் இன்னும் வண்டியை அணைக்காமல் நிற்பதைப் பார்த்து ஏதாவது சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். படியில் கால் வைத்துத் திரும்பிச் சொன்னாள்.

"அக்காளும் பஸ்ஸுல வரோணும்னுதான் சொல்லீட்டே இருக்குமுங்க. நீங்க சங்கட்டப்படுவீங்கன்னுட்டு உங்ககூட வந்ததுங்க."